லேபிளில் ஊறிய நெய்

சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில், நெய்ச்சோற்று டப்பா ஒன்றின் மேல் லேபிள் விறைப்பாக உட்கார்ந்திருந்தது. 'முந்நூறு கலோரி' என்று தன் மேல் அச்சடித்திருப்பதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றது உள்ளிருந்த சோறு. "நீ அச்சாகி வந்தப்போ நான் வெறும் அரிசி. எனக்கு எவ்வளவு நெய் ஊத்தினாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கு, சொல்றேன். நீ பேசாம கிட."

அப்போது வசுமதி வந்தாள். எடை குறையாவிட்டால் முழங்காலில் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சில மாதங்களாக அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இந்த டப்பாதான். லேபிளை வாசித்ததும் முகம் தெளிந்து, இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

ஒன்றைத் தின்று முடித்த மறுநாள் எடை மிஷினில் ஏறினாள். முள் இன்னும் மேலே போயிருந்தது.

"கணக்குப் பார்த்துத்தானே சாப்பிடுறேன். மிஷின்தான் கெட்டுப்போச்சு" என்று அதைக் குப்பைக்கூடையோரம் சாய்த்து வைத்தாள்.

கூடைக்குள் பழைய டப்பாவோடு லேபிளும் கிடந்தது. "நான் தப்பாச் சொல்லிட்டேனா, தம்பி?" என்று மிஷின் கேட்டது.

இரவெல்லாம் டப்பாவிலிருந்து வடிந்த நெய்யில் லேபிள் ஊறிப்போயிருந்தது. "இல்லண்ணே. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றது மெதுவாக.

மேலே ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. "முந்நூறுதான்" என்று இரண்டாவது டப்பாவின் லேபிளை வசுமதி வாசித்தாள். குரலில் அப்படியொரு நிம்மதி.

லேபிள் கீழேயிருந்து கூப்பிட்டது. குனிந்து பார்க்க அவள் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.