நீலமும் பழுப்பும்

எழுபத்தோரு மணி நேரமாக அவள் ஓர் எலியைத் தேடிக்கொண்டிருந்தாள். இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு வாய்த்த முதல் ஆராய்ச்சி அது.

அந்த அலுவலகத்தின் நெட்வொர்க் முழுக்க அவள் பொறுப்பு. கணினிகளை இணைக்கும் பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டினால் வேகம் பத்து மடங்காகும் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்ததும் அவள்தான். சொன்னபடியே ஆனது. வரவேற்பறைப் பெண்ணுக்கு, கணக்குப் பிரிவுக்கு, கிடங்குக்குக்கூட. மேலாளரின் கணினி மட்டும் பழைய நடையிலேயே போனது.

"ஊருக்கெல்லாம் ரயில் விட்டுட்டு எனக்கு மட்டும் மாட்டு வண்டியா?" என்றார் அவர்.

அவளுடைய பணி நிரந்தரக் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மூன்று நாளாக அதன்மேல் அவருடைய காபிக் கோப்பை உட்கார்ந்திருந்தது. இந்த மாதம் கையெழுத்தாகாவிட்டால் அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

சோதனைக் கருவியில் எட்டு விளக்குகள். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளுக்கு ஆளுக்கொன்று. நாலுதான் எரிந்தன. ஆரஞ்சும் பச்சையும் உயிரோடிருந்தன. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் போய்விட்டிருந்தன. சுவரில் இரண்டு முனைகளும் சரியாக இருந்ததால், கூரைப் பலகைகளுக்கு மேலே எங்கோ நடுவில்தான் கோளாறு.

"எலிதான் கடிச்சிருக்கு அண்ணே" என்றாள், ஏணி கொண்டுவந்த அலுவலக எலக்ட்ரீஷியனிடம்.

"எலியா இருக்காதும்மா. அந்த நீலக் கம்பி இருக்கு பாருங்க..."

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'சைலன்ட் மோட்'. காலை வணக்கம் சொல்வதற்கே மாடிப்படியில் ஒத்திகை பார்ப்பவள். ஆனால் கம்பி என்று யாராவது வாயெடுத்துவிட்டால் போதும், பிறகு அவள் வாய்க்கு மூடி கிடையாது.

"கேபிள்ல ஏன் எட்டுக் கம்பின்னு யோசிச்சிருக்கீங்களா அண்ணே? பழைய வேகத்துக்கு நாலே போதும். மிச்ச நாலும் சும்மா கூடப் போயிட்டிருக்கும். அதே கேபிள்ல டெலிபோனும் போகட்டும், பின்னாடி வேகம் கூடினா அதுக்கும் ஆகட்டும்னு போட்டு வச்சாங்க. நாம இப்ப மாட்டின பெட்டிக்கு எட்டுமே வேணும்."

"அது இப்பத்தாம்மா தெரியுது. ஆனா அந்த நாலும்..."

"ஜோடி ஜோடியா முறுக்கியிருக்காங்களே, அது எதுக்குத் தெரியுமா?"

எலக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் அறையிலிருந்து பெல் அடித்தது. அவள் ஓடினாள். அன்று அது பதினோராவது ஓட்டம்.

"எலி கிடைச்சுதா?"

"தேடிட்டிருக்கேன் சார்."

"ஒழுங்கா எட்டுல நாலை மட்டும் எண்ணிக் கடிக்குதே, அந்த எலியைப் பிடிச்சா கணக்குப் பிரிவுல சேத்துடலாம். போ."

திரும்பி வந்து மறுபடி ஏணியில் ஏறினாள். கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தலைமுடியில் ஒட்டடை, மூக்கில் தூசி. பன்னிரண்டாவது பலகையை நகர்த்தி டார்ச் அடித்தவள் அப்படியே நின்றாள்.

கேபிளின் மேலுறை பழம் உரித்தது மாதிரி நேர்த்தியாக உரிக்கப்பட்டிருந்தது. நீலமும் பழுப்பும் மட்டும் வெட்டப்பட்டு, வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டிருந்தன. இணைத்த இடத்தில் கறுப்பு டேப் வேறு. எலி டேப் சுற்றாது என்ற முடிவுக்கு வர அவளுடைய பட்டம் தாராளமாகப் போதும்.

மூன்று நாள் அவமானமும் ஒன்றாகத் தலைக்கேறியது.

"எந்த அறிவுகெட்ட ஆளு இதைச் செஞ்சது?"

பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கணக்குப் பிரிவு மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நான்தாம்மா" என்றார் கீழே எலக்ட்ரீஷியன். "சார் பெல் கேட்டாரு. புதுசா ஒயர் இழுக்காம இதுல எடுத்து விட்டேன். மூணு நாளா சொல்ல வர்றேன், நீங்க எங்க பேச விட்டீங்க?"

மேலாளருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப, என் கம்பியைத் திருடி எனக்கே பெல் மாட்டியிருக்கே?"

கணக்குப் பிரிவில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மேலாளரின் முகம் சிவந்தது.

"பதினாலு வருஷமா வயரோட பொழைக்கிற மனுஷன்! ஓடிட்டிருக்கிற கேபிள்ல கத்தி வைக்கலாமா? யாரைக் கேட்டுய்யா எடுத்தே?"

எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்தார். "யாரையும் கேக்கல சார்."

"அப்ப நாளையிலேர்ந்து வர வேணாம்." அதே மூச்சில் மேலாளர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். "சபாஷ்மா! விடாம நின்னு கண்டுபிடிச்சுட்டே. எறங்கி வா, உன் லெட்டர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் இறங்கவில்லை. எலக்ட்ரீஷியனின் கைகள் இன்னும் ஏணியை விடாமல் பிடித்திருந்தன. "தூசி கண்ணுல விழப் போகுது, எறங்குங்கம்மா" என்றார் மெதுவாக. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒத்திகை பார்க்க அவளுக்கு மாடிப்படி இல்லை. மொத்த அலுவலகமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. டார்ச்சை அணைத்தாள்.

"என்னைக் கேட்டுத்தான் சார் எடுத்தாரு."