பத்தாவது ஆள்

எழுபத்து நாலாம் வருஷச் சித்திரை வெயில். கோவளத்து ஐஸ் கம்பெனி வாசலில் வேலை கேட்டு வந்தவர்கள் சுவரோர நிழலில் குந்தியிருக்கிறார்கள். சிறு தொழில்கள் ஏன் வளர்வதில்லை என்று ஆராய வந்திருக்கும் வசுமதி, உள்ளே மிஷின் இரைச்சலை மீறிக் குரலை உயர்த்தி முதலாளி கிஃபாயத்துல்லாவிடம் கேட்கிறாள்: "இன்னும் ஆள் எடுப்பீங்களா, பாய்?" வெளியே எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், மடித்துக் கட்டிய லுங்கிகள் அவிழ்ந்து இறங்குகின்றன. தன் குரல் அவ்வளவு தூரம் கேட்டிருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. கிஃபாயத்துல்லா அந்தப் பக்கம் பார்க்காமல் ஐஸ் பாளத்தின்மேல் மரத்தூளைத் தள்ளிவிடுகிறார். "வேலை கீதும்மா. பத்தாவது ஆள வெச்சா ஃபாக்டரி சட்டம் வந்துடும். ஒம்போது பேரே போதும்." நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்காருகிறார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் உட்காரவில்லை. வசுமதியையே பார்த்துச் சொல்கிறார்: "இன்னொரு தபா வேற மாதிரி கேட்டுப் பாரும்மா."