நான்காவது கால்

முதல் அடியிலேயே ஜெகதீசனின் மூக்குக்கண்ணாடி தெறித்து, லேத்துக்கு அடியில் கிடந்த இரும்புச் சுருள்களுக்குள் போய் விழுந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது.

“இன்னாய்யா வேல பாத்து வெச்சிக்கிற நீ? என் தங்கச்சி கையப் பாரு!” சந்தோஷ் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து டிரில்லிங் மெஷின்மேல் சாய்த்தான்.

பட்டறை வாசலில் நின்றிருந்தாள் பானுப்பிரியா. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

அவள் கணவன் மனோகரன்தான் குறுக்கே புகுந்து விலக்கினான். “வுடு மச்சான், வயசானவரு. வேணும்னா செஞ்சாரு? நடந்தது நடந்துபோச்சி.”

“நீ சும்மா இரு மாப்ள. உன்னாட்டம் பொறுமை எனக்கு வராது.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் சண்டை புதிதல்ல. பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்த இருவர், சந்தோஷ் ஸ்பானரைக் கையில் எடுத்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மனோகரன் ஆவடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன். சின்ன மேசைபோல நாலு காலில் நிற்கும் கிட்டார் அது. காலெல்லாம் திருகுமரை தேய்ந்து ஆடுகிறதென்று பொங்கலுக்கு முன் இங்கே கொண்டுவந்தான். ஜெகதீசன் கால்களைத் திருகும் பழைய துளைகளைக் குடைந்து, புஷ் எனும் பித்தளை வளையங்களை இறக்கி, நாலு காலுக்கும் புது மரை வெட்டிக் கொடுத்தார்.

போன வாரம் பானு கிட்டாருக்கு அடியில் தரை துடைக்கும்போது ஒரு கால் கழன்று, மொத்தமும் அவள் கைமேல் சாய்ந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் மனோகரன் அப்படித்தான் சொன்னான். கேள்விப்பட்ட அண்ணன்காரன் நெமிலிச்சேரியில் அவர்கள் வீட்டுக்குப் போய், கிட்டாரையும் அவர்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி இங்கே அழைத்து வந்துவிட்டான்.

ஜெகதீசன் உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தார். “பட்டறை போட்டு இருபத்தாறு வருஷம் ஆவுது தம்பி. என் வேலையால ஒரு பொண்ணு கை ஒடஞ்சிதுன்னா, நானே ஷட்டர இழுத்து மூடிட்டுப் போயிடறேன். ஒரு தபா பாத்துடறேன். அப்பறம் அடி.”

“பாரு. பாத்துட்டு, எந்தக் கையால மரை போட்டன்னு சொல்லு. அந்தக் கையத்தான் ஒடைக்கப்போறேன்.”

கண்ணாடியைத் தேடி எடுத்து, விரிசல் விழுந்ததையே மாட்டிக்கொண்டார். கிட்டாரை மேசைமேல் கவிழ்த்தார். ஒவ்வொரு காலிலும் அதற்குரிய புஷ்ஷிலும் அவர் தட்டிய புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒரு கால் இன்னொன்றின் இடத்துக்குப் போகக் கூடாது என்பதற்காகப் போட்ட அடையாளம்.

ஒரு புள்ளிக் கால் ஏறி இறுகியது. இரண்டும் மூன்றும் அப்படியே. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. நாலு புள்ளிக் காலை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது லொடலொடவென்று ஆடியது.

“பாத்தியா?” சந்தோஷ் கத்தினான். “பாத்தியா உன் யோக்கியதைய!”

ஜெகதீசன் அந்தக் காலைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். “கச்சேரிக்கு நெறய போறீங்களா?”

“எங்கண்ணே... பொங்கலுக்கப்பறம் ஒண்ணுகூட மாட்டல” என்றான் மனோகரன். “ரூம்பு மூலையில போட்டது போட்டபடி நிக்கிது. ஊட்லயே உக்காந்து வாசிச்சிக்கினு கீறேன்.”

“கச்சேரிக்குத் தூக்கினு போனா நாலு காலையும் கழட்டணும். தேஞ்சா நாலும் தேயும். மூணு புதுசாட்டம் கீது. இது மட்டும் நூறு தபா கழட்டி மாட்டுனாப்பல தேஞ்சி கெடக்குது. மூலையில நிக்கறது எப்டிப்பா தேயும்?”

“பண்றதயும் பண்ணிட்டு கத வுடறியா?” சந்தோஷ் காலைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டடி இரும்புக் குழாய். ஜெகதீசனின் வலது கையை இழுத்து மேசையில் வைத்து அழுத்தினான். குழாய் அவன் தலைக்கு மேலே உயர்ந்தது.

கையை இழுத்துக்கொள்ள ஜெகதீசன் முயலவில்லை. வாசலில் நின்ற பானுதான் சட்டென்று சுவரோரமாகக் குந்தி, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கிக்கொண்டாள்.

சந்தோஷ் திரும்பிப் பார்த்தான். “உன்ன யாரு அடிக்கப்போறா? நீ எதுக்குக் குந்திக்கினே?”

“அது ரத்தத்தப் பாத்து பயந்துகிச்சி மச்சான்.” மனோகரன் அவசரமாக முன்னால் வந்தான். “கேஸு கீஸு ஆயிடப்போவுது. வா, போலாம்.”

பானு கையை இறக்கவில்லை. “அந்தப் பெரியவர வுட்டுடுண்ணே. அவரு வேலையில தப்பு இல்ல.”

“அப்பறம் எப்டிம்மா இது மட்டும் தேஞ்சிது?”

அவள் கணவன் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணன் கையிலிருந்த குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மத்த மூணும் செவுத்தோரம் கீது. கட்டில்ல உக்காந்தா, எங்க ஊட்டுக்காரர் கைக்கு எட்டுறது அது ஒண்ணுதாண்ணே.”