பஞ்சாங்கத்தின் பின்னட்டை

நாட்டில் எது அச்சானாலும் தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி போயாக வேண்டும். அப்படி வந்து சேர்ந்த பஞ்சாங்கம் நான். மூன்று மரக்கால் மழை என்று நான் சொன்ன வருஷம் ஒரு தூறல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு அறுபது வருஷமாக என்னை யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருக்கும் அகராதி அண்ணனைத் தினமும் நாலு பேர் கேட்பார்கள். திரும்பி வரும்போதெல்லாம், “தம்பி, உன் ராசிக்கு இன்னிக்கு என்ன பலன்?” என்று சீண்டுவார்.

ஒரு காலையில் என் பெயர் எழுதிய சீட்டு வந்தது.

“பாத்தீங்களா அண்ணே, என் கணிப்பை ஆராயப் போறாங்க” என்று தூசியோடு கிளம்பினேன்.

மேசையில் ஒரு வயதான அம்மா என்னைத் திறந்தார். மழையைத் தாண்டினார், கிரகணத்தைத் தாண்டினார், பன்னிரண்டு ராசியையும் தாண்டினார். பின்னட்டையில் இருந்த பல்பொடி விளம்பரத்தில் நின்றுவிட்டார்.

“சிரிக்கிறது எங்க அப்பா” என்று நூலகரிடம் காட்டினார். “வேற படமே எங்க கிட்ட இல்லை சார்.”

நான் அலமாரிக்குத் திரும்பியதும் அண்ணன், “என்ன தம்பி, மழை பலிச்சுதா?” என்றார்.

“மழையை விடுங்க அண்ணே. அறுபது வருஷமா என் முதுகுல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கார். ஊருக்கே பலன் சொன்ன எனக்கு அது தெரியலை.”

அண்ணன் மெதுவாகத் தன் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.