ஒரு முழத் தூரம்

"அடிங்க," என்றார் பல் டாக்டர்.

இன்சூரன்ஸ்காரர் பந்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"டாக்டர், இதைக்கூடவா?"

"அடிங்க. உள்ள விழுந்தாத்தான் விழுந்தது."

வேறு யாராக இருந்தாலும் "எடுத்துக்கங்க" என்று சொல்லியிருப்பார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே அப்படி ஒரு வழக்கம் உண்டு. சும்மா நட்புக்காக ஆடும்போது, குழிக்குப் பக்கத்தில் கிடக்கிற பந்தை விழுந்ததாகவே வைத்துக்கொண்டு எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். நாலு பேருக்கு நல்லவராக நடந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இன்சூரன்ஸ்காரர் அடித்தார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டது.

டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டார். பேச்சுக்குக்கூட ஓர் 'அடடா' இல்லை.

அடுத்து டாக்டரின் முறை. அவர் பந்தும் அதே ஒரு முழத்தில்தான் கிடந்தது.

"எடுத்துக்கங்க டாக்டர்!" என்றார் இன்சூரன்ஸ்காரர், கொஞ்சம் சத்தமாகவே. பின்னால் ஆடிக்கொண்டு வந்தவர்கள் காதிலும் விழட்டுமே.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டார்.

மூன்று வருடமாக, சனிக்கிழமை தவறாமல் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்சூரன்ஸ்காரர் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "அந்த மனுஷனுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் பிடுங்கிப் போட்டுட்டாரா? நான் எத்தனை விட்டுக்கொடுக்கறேன்! பதிலுக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு?"

"அப்புறம் ஏன் அவரோடயே போய் ஆடுறீங்க?"

"என் அளவுக்கு மோசமா ஆடுறவங்க கிளப்புல வேற யாரு இருக்கா?"

அது உண்மை. பயிற்சியாளரிடம் போய் இடுப்பைத் திருப்பி, முழங்கையை நேராக்கி, தூரத்து அடியை ஒருவழியாகச் சீர்படுத்திக்கொண்டிருந்தார். கிட்டத்து அடிதான் காலை வாரியது. பந்து குழிக்கு எவ்வளவு பக்கத்தில் கிடக்கிறதோ, அவ்வளவு நிச்சயமாகத் தவறவிடுவார்.

எப்படியும் இந்த ஆள் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்று ரோஷம் வந்துவிட்டது. தினமும் குளிப்பதற்கு முன் ஹால் கம்பளத்தில் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்துக்கொண்டு நூறு பந்து தட்டினார். மனைவி இரண்டு முறை பந்தை மிதித்து வழுக்கி, கோல்ஃபைக் கண்டுபிடித்தவனையும் பல் டாக்டரையும் சேர்த்தே திட்டினாள்.

அந்த வருடம் கிளப்பின் கத்துக்குட்டிகள் அணியில் ஓர் இடம் காலியானது. போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார்கள். இருவருமே பெயர் கொடுத்தார்கள்.

"அறுபது ஆகப்போகுது. அந்த அணிச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுப் பாத்துடணும் சார்," என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்து இப்படி ஓர் ஆசை வந்து இன்சூரன்ஸ்காரர் கேட்டதே இல்லை.

போட்டியில் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பந்தும் குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும்.

கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களெல்லாம் பின்தங்கிவிட்டார்கள். இவர்கள் இருவரும் சமம். இரண்டு பந்தும் குழிக்கு ஒரு முழத்தில் கிடந்தன.

இன்சூரன்ஸ்காரர் தட்டினார். ஹாலில் தட்டுகிற அதே தட்டு. பந்து உள்ளே போனது.

டாக்டர் தட்டினார். பந்து குழியைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றது. அன்று மட்டும் இப்படி மூன்றாவது தடவை.

இடம் இன்சூரன்ஸ்காரருக்குக் கிடைத்தது. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். உள்ளூரக் குளிர்ந்துபோனார். மூன்று வருட எரிச்சல் ஒரே தட்டில் தீர்ந்ததே!

உடை மாற்றும் அறையில் டாக்டர் தனியாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. இன்சூரன்ஸ்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வருத்தமா இருக்கு டாக்டர். என் கையில இருந்திருந்தா, அந்தக் கடைசிப் பந்தை எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும் சார். மூணு வருஷமா அதைத்தானே சொல்றீங்க." டாக்டர் நிமிராமலே பேசினார். "நாம கிளப்புல சேர்ந்த அன்னிக்கு கோச் சொன்னது ஞாபகம் இருக்கா? 'உங்க ரெண்டு பேருக்கும் கிட்டத்துப் பந்துதான் எமன். அடிச்சு அடிச்சுத்தான் சரியாகும், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்துடாதீங்க'ன்னார். ரெண்டு பேருமே தலையாட்டினோம்."

இன்சூரன்ஸ்காரருக்குச் சுருக்கென்றது. தலையாட்டியது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"அப்போ எனக்கும் விட்டுக்கொடுக்காதீங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு பேர் பாக்க நீங்க பெரிய மனசு காட்டும்போது எப்படிச் சார் சொல்றது? பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு. விழுந்ததா எழுதி எழுதி, விழும்னே நம்பிட்டேன்."

இன்சூரன்ஸ்காரர் குனிந்து தன் ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். வெட்கமாக இருந்தது.

டாக்டர் எழுந்து கையை நீட்டினார்.

"நல்லா அடிச்சீங்க சார். மூணு வருஷம் உங்ககிட்ட கெட்ட பேர் வாங்கினது வீண் போகலை."