கர்ட்டிஸ் கடைந்த கிண்ணங்கள்

"இதுக்குப் பேரு கிண்ணமா? நாய்க்குச் சோறு வைக்கலாம். அதுவும் நாய் சம்மதிச்சா!"

ஃபிலிஸ் அந்த மரக் கிண்ணத்தைச் சமையலறை மேசையில் வைத்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மனைவியின் அக்காவுக்குப் பதில் சொல்வதைக் கர்ட்டிஸ் என்றைக்கோ விட்டுவிட்டான்.

"நல்லாத்தானே இருக்கு," உள்ளே கட்டிலிலிருந்து லோர்னா சொன்னாள். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும். "போன தடவை அடியில ஓட்டை விழுந்துச்சு. இதுல இல்ல பாருக்கா."

"ஓட்டை இல்லாததெல்லாம் ஒரு பெருமையாடி?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் ஃபிலிஸ் பக்கத்து ஊரிலிருந்து கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டோடு வந்து தங்கைக்குத் துணையாக உட்காருவாள். கர்ட்டிஸ் மரக் கடைசல் வகுப்புக்குப் போவான். லோர்னாதான் பிடித்துத் தள்ளினாள். "வாரத்துல ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பாக்காம எங்கயாச்சும் போயிட்டு வா."

ஃபிலிஸுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பகல் முழுக்க மளிகைக் கடையில் பில் போட நின்று நின்று அவளுக்கு முட்டி வலி. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஒருத்தன் மரக்கட்டையோடு விளையாடப் போவான், அதற்கு இவள் காவலா?

சரி, போனதற்கு ஏதாவது உருப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. பனி விழத் தொடங்கியபோது போக ஆரம்பித்தவன். உறைந்த ஏரி உருகி, ஜனங்கள் படகை இறக்கியாகிவிட்டது. இவன் கொண்டுவரும் கிண்ணம் மட்டும் இன்னும் செங்கல் கனம் கனக்கிறது.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. வகுப்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவன் கண் சிவந்திருக்கிறது. முகம் உப்பியிருக்கிறது. கேட்டால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வருகிறது. வகுப்புக்கு நேர் எதிரே ஒரு பார் இருப்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த செவ்வாய், அவன் கிளம்பிப் போனதும் பக்கத்து வீட்டு ஜெனட்டை லோர்னாவிடம் உட்காரவைத்துவிட்டு, ஃபிலிஸ் காரை எடுத்தாள்.

அவனுடைய வண்டி பார் வாசலில் இல்லை. மூடிப்போன வெண்ணெய்த் தொழிற்சாலையில்தான் வகுப்பு நடக்கிறது, அதன் வாசலில்தான் ஒழுங்காக நின்றது. ஃபிலிஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உள்ளே லேத்துகள் இரைந்துகொண்டிருந்தன. எல்லாரும் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு மாட்டிக்கொண்டு குனிந்து கடைந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கர்ட்டிஸ் இல்லை.

"கர்ட்டிஸ் எங்க?"

கேட்டது வகுப்பு நடத்தும் டோரீனிடம். அவள் உளியைக் கீழே வைத்து, லேத்தை நிறுத்தினாள்.

"நீங்க ஃபிலிஸ்தானே? வாங்க."

பின்னறையில் ஈரக் கட்டைகளைக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய சோபா. அதில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான் கர்ட்டிஸ்.

ஃபிலிஸுக்கு எரிந்தது. "இவன் இங்க வந்து குறட்டை விடவா நான் அங்க உட்கார்ந்து..."

"மெதுவாப் பேசுங்க. பாவம்." டோரீன் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "முதல் நாளே லேத் முன்னால நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டாரு. உளி மாட்டி, கட்டை பிச்சுக்கிட்டு அவர் தலைக்கு மேல பறந்துச்சு. ராத்திரியெல்லாம் உங்க தங்கச்சியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணுமாமே? என்னைக்குங்க அந்த மனுஷன் தூங்குவாரு?"

"வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமே!"

"யாருகிட்ட? லோர்னாவுக்குத் தெரிஞ்சா, 'நான் உனக்குப் பாரம், ஹோம்ல சேத்துடு'ன்னு ஒத்தைக் கால்ல நிப்பாங்களாம். அவங்களை அங்க விட்டுட்டு இவரால இருக்க முடியாதாம். உங்ககிட்ட ஒரு தடவை அசதியா இருக்குன்னு சொன்னாராம். 'யாருக்குத்தான் அசதியில்ல'ன்னீங்களாம்."

சொல்லியிருக்கிறாள். எந்த நாள் என்றுகூட ஞாபகம் வந்தது. ஃபிலிஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்போ அந்தக் கிண்ணமெல்லாம்?"

டோரீன் தன் லேத்தைக் காட்டினாள். தடித்த விளிம்போடு, கோணல் வயிற்றோடு அதில் ஒரு கிண்ணம் பாதி கடைந்து நின்றது.

"நான்தான். இத்தனை வருஷமாக் கடைஞ்ச கை, தானா ஒழுங்காத்தான் போகுது. தப்பாக் கடையறது இருக்கே, அப்பப்பா! அதுலயும் மாசா மாசம் கொஞ்சம் தேறின மாதிரி வேற காட்டணும்."

ஃபிலிஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். கதவிடுக்கில் தெரிந்த அந்த முகத்தையே பார்த்தாள். தங்கை புருஷனுக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இப்போது எழுப்பிச் சண்டை போடப் போகிறாள் என்று டோரீன் பயந்தாள்.

ஃபிலிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். லேத்துக்கடியில் குவிந்து கிடந்த மரச்சுருளில் இரண்டு கை அள்ளினாள். சத்தம் போடாமல் பின்னறைக்குப் போய், தூங்குகிறவனின் சட்டைப் பையில் கொஞ்சம் திணித்து, மீதியைத் தோளிலும் தலையிலும் தூவினாள்.

"இவ்வளவு சுத்தமாவா ஆளை வீட்டுக்கு அனுப்புவீங்க? என் தங்கச்சி ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவா."