கடிக்காத செருப்பு

"செருப்பு கிடைக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடறேன்ப்பா. போதுமா?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? வீடு, வேலைன்னு ஆயிரம் இருக்கும்."

கோடை தொடங்கும்போது அப்பாவும் மகளும் ஃபோனில் பேசியது அது. அப்பாவின் கால்விரல் மூட்டுகள் வாதத்தில் வீங்கியிருப்பதே டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. முன்பக்கம் அகலமாக, குதிகாலுக்கு மெத்தென்று ஒரு செருப்பு போட்டால் பாதி வலி குறையும் என்றார் அவர். ஒன்றிரண்டு வாரத்தில் முடிகிற காரியம் என்று நினைத்துத்தான் வாக்குக் கொடுத்தாள்.

இப்போது மழைக்காலமே வந்துவிட்டது. அவர்கள் ஏறி இறங்காத செருப்புக்கடை இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றே தேய்ந்த கால்கள். ஒன்று விரலைக் கடிக்கிறது என்பார், இன்னொன்று கனக்கிறது என்பார், மூன்றாவது வழுக்கும். அதற்குள் மதியமாகிவிடும். எங்காவது உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவார்கள்.

வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசியும் கையுமாக இருப்பவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. அழுக்குத் துணி மலையாகக் கிடந்தது. அவளுடைய மகளுக்குப் பரீட்சை. உங்கப்பா காலுக்கு இனிமேல் பிரம்மாதான் தனியாகச் செருப்பு தைக்க வேண்டும் என்று காலையில் கணவன் சிரித்தபோது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று எப்படியாவது வாங்கி முடித்துவிடுவது என்றே கிளம்பி வந்திருந்தாள்.

கடைக்காரர் எட்டாவது ஜோடியைப் பிரித்தார். "பொண்ணு பார்க்கக்கூட இத்தனை வீடு ஏறியிருக்க மாட்டீங்க போல சார்."

"பொண்டாட்டி கடிச்சா பொறுத்துக்கலாம்ப்பா. செருப்பு கடிச்சா எப்படிப் பொறுக்கறது?" என்றார் அப்பா.

அவள் தரையில் உட்கார்ந்து, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, பட்டையை ஒட்டினாள். பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொறுமையும் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு பஸ் குறுகலான தெருவில் திரும்ப முடியாமல் பின்வாங்கித் திணறியது. அப்பா விருட்டென்று எழுந்தார். கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கிப் போய், பஸ்ஸின் முதுகில் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சுண்டுவிரல் கடிக்குதும்மா. வேற கடை பார்ப்போமா?"

அவளுக்குள் ஏதோ அறுந்தது. இதையே எடுத்துக்கொள்கிறோம், பில் போடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினாள்.

"போதும்ப்பா. போடப் போட இளகிடும். என்னால இனிமே அலைய முடியாது. அடுத்த வாரத்துலேர்ந்து நான் என் வீட்டையும் கொஞ்சம் பார்க்கணும்."

நினைத்ததைவிடக் குரல் கடுமையாக விழுந்துவிட்டது. ஏதாவது ஒரு ஜோக் அடித்து அவர் அதை ஆற்றிவிடுவார் என்று காத்திருந்தாள். அவரோ முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிக்கலம்மா" என்றார் மெதுவாக. "எதுவுமே கடிக்கல. மொத கடையில போட்டதே பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு."

கோபமாக ஏதோ கேட்க எழுந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

நெரிசலான பஸ்ஸில் கடைசி சீட்வரை கேட்கிற குரல் அவருடையது. இப்போது பக்கத்தில் நின்ற மகளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"செருப்பு வாங்கினப்புறமும் ஞாயித்துக்கிழமை வருவியாம்மா?"